27 அவுட்டும் 26 ஆட்களும்: பேஸ்பாலில் பேட்டிங் வரிசையும் அணி சேர்ப்பும்

அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலில் ஓர் அணிக்கு ஒரு சீசனில் 162 ஆட்டம். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் சில மணி நேரம் முன்னால் அணியின் மேனேஜர் அன்றைய பேட்டிங் வரிசையை வெளியிடுவார். ஒன்பது பெயர்கள்தான். வெளியான உடனே ரசிகர்களிடம் வாக்குவாதம் ஆரம்பித்துவிடும். சராசரி இவ்வளவு குறைவான ஆளை ஏன் முதலில் இறக்குகிறார்? சிறந்த பேட்டர் மூன்றாவது இடத்தில் அல்லவா வர வேண்டும்? நாலு நாளாக ஒரு ஹிட் கூட இல்லாதவருக்கு இன்றும் ஏன் இடம்? பணத்தைக் கொட்டி ஒரு பெரிய ஆளை வாங்கினால் எல்லாம் சரியாகிவிடாதா?

கேள்விகள் நியாயமானவை. ஆனால் பலர் பழக்கத்தை வைத்தே பதில் சொல்கிறார்கள். ஆட்டம் எப்படி இயங்குகிறது என்று பார்ப்பதில்லை. ஒன்பது பேரை எந்த வரிசையில் அடுக்குவது என்பதற்குள்ள மதிப்பு, பெரும்பாலானோர் நினைப்பதைவிடக் குறைவு. அந்த ஒன்பது பேர் யார், அவர்களில் ஒருவருக்கு அடிபட்டால் அடுத்து வருபவர் யார் என்பதற்குள்ள மதிப்பு மிக அதிகம். இரண்டையும் கணக்கோடு பார்க்கலாம். பேஸ்பால் பார்த்ததே இல்லை என்றாலும் பரவாயில்லை, கிரிக்கெட் தெரிந்தால் போதும்.

## கிரிக்கெட்டிலிருந்து பேஸ்பாலுக்கு

மைதானத்தின் நடுவே ஒரு சதுரம். நாலு மூலையிலும் ஒவ்வொரு பேஸ். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் 90 அடி. பிட்சர் எறிய, பேட்டர் அடித்துவிட்டு ஓடுகிறார். மூன்று பேஸையும் தொட்டு, புறப்பட்ட மூலையான ஹோம் பிளேட்டுக்குத் திரும்பினால் ஒரு ரன். பந்து மைதான வேலியைத் தாண்டிப் போனால் ஹோம் ரன்: அடித்தவரும், அப்போது பேஸ்களில் நிற்பவர்களும் எல்லோரும் வீடு திரும்பலாம். பிட்சர் உரிய எல்லைக்கு வெளியே நான்கு பந்து எறிந்து, பேட்டர் அவற்றைத் தொடாமல் விட்டால் அவர் நடந்தே முதல் பேஸுக்குப் போகலாம். இதற்குப் பெயர் வாக். மூன்று பேர் அவுட் ஆனால் ஓர் இன்னிங்ஸில் அந்த அணியின் முறை முடிந்தது. மொத்தம் ஒன்பது இன்னிங்ஸ்.

கிரிக்கெட்டோடு ஒப்பிட்டால் இரண்டு வேறுபாடுகள் முக்கியம். கிரிக்கெட்டில் அவுட் ஆனவரின் பேட்டிங் அந்த இன்னிங்ஸில் முடிந்தது. பேஸ்பாலில் அவுட் ஆனவர் தன் முறை சுற்றி வரும்போது மறுபடி வருவார். அடுத்தது, ஆட்டம் தொடங்கியபின் வரிசையை மாற்ற முடியாது. ஐந்தாமவரோடு ஓர் இன்னிங்ஸ் முடிந்தால் அடுத்த இன்னிங்ஸ் ஆறாமவரிடம் தொடங்கும். ஒருவரை எடுத்துவிட்டு வேறொருவரை இறக்கலாம். ஆனால் எடுக்கப்பட்டவர் அன்றைக்குத் திரும்பி வர முடியாது.

## செலவழிக்கக் கையில் இருப்பது 27 அவுட்

ஒருநாள் கிரிக்கெட்டில் 300 பந்து என்பது எல்லை. பேஸ்பாலில் பந்துக்கு எல்லையே இல்லை. மூன்று அவுட், ஒன்பது இன்னிங்ஸ், ஆக 27 அவுட் என்பதே எல்லை. மாதச் சம்பளம் 27 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் அவுட்டும் ஒரு ரூபாய் செலவு. செலவு ஆகாதவரை பேட்டர்கள் வந்துகொண்டே இருப்பார்கள், ரன்னும் வந்துகொண்டே இருக்கலாம். அதனால் ஒரு பேட்டரைப் பற்றி முதலில் கேட்க வேண்டியது, அவர் எத்தனை முறை அவுட் ஆகாமல் பேஸுக்குப் போகிறார் என்பதைத்தான்.

இங்கேதான் பழைய அளவுகோல் ஏமாற்றுகிறது. பந்தை அடித்து, அவுட் ஆகாமல் பேஸுக்குப் போனால் அது ஹிட். பேட்டிங் சராசரி என்பது ஹிட்டுகளின் எண்ணிக்கையை முயற்சிகளால் வகுப்பது. அதில் வாக் கணக்கிலேயே வராது. ஆன்பேஸ் விகிதம் என்பது ஹிட், வாக், உடம்பில் பந்து பட்டுப் பேஸுக்குப் போவது மூன்றையும் சேர்த்துக் கணக்கிடுவது. முதலாவது கையின் திறமையை மட்டும் பார்க்கிறது. இரண்டாவது கண்ணின் திறமையையும் சேர்த்துப் பார்க்கிறது.

2023-இல் பிலடெல்பியா ஃபிலீஸ் அணியின் கைல் ஷ்வார்பர் இதற்குத் தெளிவான உதாரணம். அந்த ஆண்டு அவருடைய பேட்டிங் சராசரி 0.197. லீக்கின் சராசரி 0.248. இவரைப் பெரும்பாலான ஆட்டங்களில் முதல் பேட்டராக இறக்கியதை ரசிகர்கள் பலர் தாங்க முடியாமல் திட்டினார்கள். ஆனால் அவர் அந்த ஆண்டு 126 வாக் பெற்றார். 720 முறை பேட் செய்து 247 முறை பேஸுக்குப் போனார். ஆன்பேஸ் விகிதம் 0.343. லீக்கின் ஆன்பேஸ் விகிதம் 0.320. போதாக்குறைக்கு 47 ஹோம் ரன். மேனேஜர் செய்தது சரி, தவறாகப் படித்தது நாம்தான்.

இன்னொரு அளவு ஸ்லக்கிங். ஹிட் எவ்வளவு பெரியது என்பதை இது பார்க்கிறது: ஒரு பேஸ் ஹிட்டுக்கு 1, இரண்டு பேஸுக்கு 2, மூன்றுக்கு 3, ஹோம் ரன்னுக்கு 4 என்று கூட்டி முயற்சிகளால் வகுப்பது. ஆன்பேஸ் ஆளைப் பேஸில் ஏற்றுகிறது, ஸ்லக்கிங் ஏறியவரை வீட்டுக்குக் கொண்டுவருகிறது. வரிசை அமைப்பது இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைக்கும் வேலை.

இதுவரை: அவுட்தான் ஆட்டத்தின் காசு. அவுட் ஆகாமலிருப்பதை ஆன்பேஸ் விகிதம் அளக்கிறது, அடியின் கனத்தை ஸ்லக்கிங் அளக்கிறது. பேட்டிங் சராசரியை மட்டும் வைத்து வரிசையைக் குறை சொல்ல முடியாது.

## பந்தியில் வடை பரிமாறுவது போல

கல்யாணப் பந்தியில் ஒன்பது பேர் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். வாளியில் 38 வடை. ஒருவருக்கு ஒன்றாக வைத்துக்கொண்டே போய், வரிசை முடிந்ததும் மறுபடி முதல் இலைக்கு வருகிறீர்கள். நாலு சுற்றில் 36 வடை போய்விடும். மிச்சம் இரண்டு முதல் இரண்டு இலைக்கு. யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்பதால் மட்டுமே அவர்களுக்கு ஐந்து, மற்றவர்களுக்கு நாலு.

ஓர் அணி ஓர் ஆட்டத்தில் ஏறத்தாழ 38 முறை பேட் செய்கிறது. எண்ணிக்கை ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும்; கடைசி வடை எந்த இலையிலும் விழலாம். அது ஒன்பது இடத்திலும் கிட்டத்தட்ட சமமாக விழுகிறது என்று கொண்டால் 162-ஐ ஒன்பதால் வகுக்க 18. அதாவது வரிசையில் ஓர் இடம் கீழே இறங்கினால் சீசனுக்கு ஏறத்தாழ 18 வாய்ப்பு குறையும். முதல் இடத்துக்கும் ஒன்பதாம் இடத்துக்கும் வித்தியாசம் ஏறத்தாழ 144. நல்ல பேட்டரை ஆறாவதாக வைத்துக் காத்திருப்பது எவ்வளவு பெரிய விரயம் என்று இப்போது தெரிகிறது. ஆட்டத்தின் கடைசி அவுட்டின்போது அவர் தன் முறைக்காகக் காத்துக்கொண்டு நிற்கும் நாட்கள் கூடும்.

## யார் எந்த இடத்தில்?

வாய்ப்பின் எண்ணிக்கை பாதிக் கணக்கு. வாய்ப்பு வரும்போது பேஸ்களில் ஆள் இருக்கிறாரா என்பது மீதி. பேருந்து நிறுத்தத்தை நினைத்துப் பாருங்கள். பயணிகள் வந்து நின்ற பிறகு பேருந்து வந்தால் எல்லோரும் ஏறுவார்கள்; முன்னாலேயே வந்துவிட்டால் காலியாகப் போகும். ஹோம் ரன் அடிப்பவர்தான் பேருந்து. ஆனால் எந்த இன்னிங்ஸ் எந்தப் பேட்டரிடம் தொடங்கும் என்பது முதல் இன்னிங்ஸுக்கு மட்டும்தான் உறுதி. அதற்குப் பிறகு வரிசை சுழல ஆரம்பித்துவிடும்.

அந்த முதல் இன்னிங்ஸை வைத்துப் பார்த்தால் மூன்றாம் இடத்தின் பழைய பெருமை கொஞ்சம் கரைகிறது. முதல் இருவரின் ஆன்பேஸ் விகிதம் 0.340 என்று வையுங்கள். இருவருமே பேஸுக்குப் போகாமலிருக்கும் வாய்ப்பு 0.66 பெருக்கல் 0.66, ஏறத்தாழ நூற்றுக்கு 44. அத்தனை நாட்களில் மூன்றாமவர் வரும்போது இரண்டு அவுட், பேஸ்கள் காலி. அந்த நிலையிலிருந்து ஓர் அணி அந்த இன்னிங்ஸில் எடுக்கும் ரன் சராசரியாக 0.1 அளவுதான். நாலாமவருக்கு இந்தத் தொல்லை குறைவு. முதல் மூவரும் அவுட் என்றால் அவர் அடுத்த இன்னிங்ஸைப் புதிதாகத் தொடங்குவார். இல்லையென்றால் மூவரில் ஒருவராவது ஏற்கெனவே பேஸைத் தொட்டிருப்பார்.

இதிலிருந்து வரும் நடைமுறை: அணியின் சிறந்த மூவருக்கு 1, 2, 4 ஆகிய இடங்கள். மூவரில் வாக் அதிகம் பெறுபவர் முதலில். இரண்டும் கலந்தவர் இரண்டாவது. அடியில் கனம் அதிகமுள்ளவர் நாலாவது. அடுத்த இருவர் 3, 5. மீதிப் பேரைத் தரப்படி இறக்கிக்கொண்டே போகலாம். ஒன்பதாம் இடத்துக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு. அவருக்கு அடுத்து வருபவர் முதல் பேட்டர் என்பதால், எஞ்சியவர்களில் கொஞ்சம் ஆன்பேஸும் வேகமும் உள்ளவரை அங்கே வைப்பது பலன் தரும். 1998-இல் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் மேனேஜர் டோனி லா ரூசா, பிட்சரை எட்டாவதாக இறக்கிவிட்டு ஒன்பதாம் இடத்தை ஒரு பேட்டருக்குக் கொடுத்தது இந்தக் காரணத்தால்தான். அந்த அணியின் பெரிய ஹோம் ரன் பேட்டரான மார்க் மெக்வையர் வரும்போது பேஸில் ஆள் இருக்க வேண்டும். இன்று பிட்சர்கள் பேட் செய்வதில்லை. அவர்களுக்குப் பதில் பேட் மட்டும் செய்யும் ஒருவரை வைத்துக்கொள்ளும் விதியை மேஜர் லீக்கின் இரு பிரிவுகளில் ஒன்றான அமெரிக்கன் லீக் 1973-இல் கொண்டுவந்தது; இன்னொன்றான நேஷனல் லீக்கில் 2022-இல் அது நிலையானது.

முதல் பேட்டர் என்றால் வேகமாக ஓடுபவர் என்ற எண்ணம் இன்னும் போகவில்லை. அதற்கு ரிக்கி ஹெண்டர்சனைக் காட்டுவார்கள். 1,406 பேஸ் திருட்டு (பந்தை யாரும் அடிக்காமலேயே அடுத்த பேஸுக்கு ஓடிச் சேர்வது), யாரும் நெருங்காத சாதனை. ஆனால் அவர் 2,190 வாக்கும் பெற்றவர், வாழ்நாள் ஆன்பேஸ் விகிதம் 0.401. திருடுவதற்கு முன் பேஸுக்குப் போயாக வேண்டும். அவருடைய வேகத்தை மட்டும் நகலெடுத்து, ஆன்பேஸ் 0.300 உள்ள ஒருவரை முதலில் இறக்கிய அணிகள், அதிக வாய்ப்புள்ள இடத்தை அதிகம் அவுட் ஆகும் ஆளுக்குக் கொடுத்தன.

இத்தனைக்கும் பிறகு இந்த வரிசையின் மதிப்பு எவ்வளவு? ஒரு சாதாரண மேனேஜர் அமைக்கும் வரிசைக்கும் கணக்குப்படி மிகச் சிறந்த வரிசைக்கும் வித்தியாசம் ஒரு சீசன் முழுவதற்கும் பத்து, பதினைந்து ரன் அளவு. பத்து ரன் ஏறத்தாழ ஒரு வெற்றி. இந்த மாற்று விகிதம் எப்படி வருகிறது என்பதைக் கீழே பார்க்கலாம். ஒரு வெற்றிகூட, பட்டத்துக்காக நடக்கும் அக்டோபர் ஆட்டங்களுக்குள் நுழைவதைத் தீர்மானிக்கக்கூடும், ஆகவே இது வீணான சர்ச்சை இல்லை. ஆனால் மூன்றாமவரையும் நாலாமவரையும் இடம் மாற்றியதால் சீசனே போயிற்று என்பது நடக்காத காரியம்.

## பண்ட், திருட்டு: காசைக் கொடுத்து எதை வாங்குகிறோம்?

பண்ட் என்பது மட்டையை நீட்டிப் பந்தை மெதுவாகத் தட்டிவிட்டு, தான் அவுட் ஆகி, பேஸில் இருப்பவரை ஒரு பேஸ் நகர்த்துவது. தியாகம் என்றே இதற்குப் பெயர். பார்க்க உயர்ந்த செயலாகத் தெரியும். கணக்கு வேறு சொல்கிறது.

பேஸ்களில் யார் இருக்கிறார்கள், எத்தனை அவுட் என்ற ஒவ்வொரு நிலையிலிருந்தும் அந்த இன்னிங்ஸ் முடிவதற்குள் சராசரியாக எத்தனை ரன் வருகிறது என்பதற்கு ரன் எதிர்பார்ப்பு என்று பெயர். ஆயிரக்கணக்கான ஆட்டங்களிலிருந்து எடுக்கப்பட்ட சராசரி இது. 2010-15 காலத்து அளவுகளில், முதல் பேஸில் ஒருவர், அவுட் இல்லை என்றால் ஏறத்தாழ 0.86 ரன். பண்ட் வெற்றிகரமாக முடிந்தபின், இரண்டாம் பேஸில் ஒருவர், ஓர் அவுட்: 0.66. நினைத்தபடியே நடந்தும் 0.2 ரன் நஷ்டம். குறைந்தது ஒரு ரன்னாவது வரும் வாய்ப்பைப் பார்த்தாலும் நூற்றுக்கு 42-இலிருந்து 40 ஆகிறது. இத்தனையும் பண்ட் சரியாக விழுந்தால். பந்து மேலே எழும்பிப் பிடிபட்டால், அல்லது பிட்சரே எடுத்து இரண்டாம் பேஸுக்கு எறிந்துவிட்டால், அவுட்டும் போயிற்று, ஆளும் நகரவில்லை.

பண்ட் சரியான இடமும் உண்டு. 2020 முதல், ஒன்பது இன்னிங்ஸில் சமநிலை என்றால் கூடுதல் இன்னிங்ஸை இரண்டாம் பேஸில் ஓர் ஆளை நிறுத்தியே தொடங்குகிறார்கள். பத்தாவது இன்னிங்ஸின் இரண்டாம் பாதி, ஒரே ஒரு ரன் போதும் என்று வையுங்கள். அவுட் இல்லாமல் இரண்டாம் பேஸில் ஆள் இருந்தால் ஒரு ரன்னாவது வரும் வாய்ப்பு நூற்றுக்கு 61. ஓர் அவுட்டோடு மூன்றாம் பேஸில் இருந்தால் 66. அங்கே, அதுவும் பலவீனமான பேட்டர் நிற்கும்போது, பண்ட் நியாயம். முதலில் பேட் செய்யும் விருந்தினர் அணிக்கு இது பொருந்தாது. ஒரு ரன்னோடு நின்றுவிட்டால் எதிரணியும் அதே வசதியோடு வரப்போகிறது.

பேஸ் திருட்டுக்கும் இதே தராசு. முதல் பேஸிலிருந்து இரண்டாம் பேஸுக்கு ஓடி வெற்றி பெற்றால் 0.86 என்பது 1.10 ஆகும், 0.24 லாபம். பிடிபட்டால் ஆள் இல்லை, ஓர் அவுட், 0.25 மட்டும் மிச்சம்; 0.61 நஷ்டம். லாபமும் நஷ்டமும் சமமாக, நூறு முறையில் ஏறத்தாழ 72 முறை வெற்றி வேண்டும். அதற்குக் கீழே என்றால், எவ்வளவு வேகமாக ஓடினாலும் அவர் அணியின் ரன்னைக் குறைக்கிறார்.

## இடது கை, வலது கை

இடது கை பேட்டருக்கு வலது கை பிட்சரை எதிர்கொள்வது எளிது. வலது கை பேட்டருக்கு இடது கை பிட்சர் எளிது. ஒரே கைக்காரர்கள் மோதும்போது வளைந்து வரும் பந்து பேட்டரிடமிருந்து விலகிப் போகிறது, எறியும் கையும் அவர் முதுகுப் பக்கத்திலிருந்து வருவது போலத் தெரிகிறது. அதனால் ஓர் இடத்துக்கு இரண்டு பேரை வைத்துக்கொண்டு, எதிரணிப் பிட்சரின் கையைப் பார்த்து மாற்றி மாற்றி இறக்குவார்கள். இதற்குப் பிளட்டூன் என்று பெயர். தனித்தனியே சுமாரான இருவர் சேர்ந்து ஒரு நல்ல பேட்டரின் வேலையைப் பாதி விலைக்குச் செய்துவிடலாம்.

வரிசையில் மூன்று இடது கைக்காரரை அடுத்தடுத்து வைப்பதில் ஓர் ஆபத்து இருக்கிறது. 2020 முதல், புதிதாக வரும் பிட்சர் குறைந்தது மூன்று பேட்டருக்கு எறிய வேண்டும், அல்லது அந்த இன்னிங்ஸை முடிக்க வேண்டும். இடம், வலம், இடம் என்று மாற்றி வைத்தால் எதிரணியின் இடது கை மாற்றுப் பிட்சர் நடுவில் ஒரு வலது கைக்காரரையும் சந்தித்தே ஆக வேண்டும். மூவரையும் ஒட்டி வைத்தால், ஏழாவது எட்டாவது இன்னிங்ஸில் எதிரணி ஒரே ஆளை வைத்து மூவரையும் அடக்கிவிடும்.

## "நாலு நாளாக அடிக்கவில்லை"

சராசரி 0.270 உள்ள நல்ல பேட்டர் ஓர் ஆட்டத்தில் நாலு முறை முயன்றால், ஒரு ஹிட்டும் இல்லாமல் போகும் வாய்ப்பு நூற்றுக்கு 28. தொடர்ந்து மூன்று ஆட்டம் அப்படிப் போவது, எந்தக் குறையும் இல்லாமலேயே ஒரு சீசனில் இரண்டு மூன்று முறை நடக்கும். அதைப் பார்த்து அவரை ஏழாம் இடத்துக்குத் தள்ளுவது, நாணயம் மூன்று முறை பூ விழுந்ததற்காக நாணயத்தையே மாற்றுவது போல. காயம், ஸ்விங் வேகம் குறைவது, எல்லைக்கு வெளியே போகும் பந்தைத் துரத்துவது போன்ற அடையாளம் தெரிந்தால் அது வேறு. ஹிட் விழவில்லை என்பது மட்டும் காரணம் ஆகாது.

## ரன்னிலிருந்து வெற்றிக்கு

இனி அணி சேர்ப்பு. அதற்கு முதலில் ரன்னை வெற்றியாக மாற்றத் தெரிய வேண்டும். பில் ஜேம்ஸ் என்ற ஆய்வாளர் கொடுத்த எளிய சூத்திரம் ஒன்று உண்டு: அடித்த ரன்னின் வர்க்கத்தை, அடித்த ரன்னின் வர்க்கமும் கொடுத்த ரன்னின் வர்க்கமும் சேர்ந்த கூட்டுத்தொகையால் வகுத்தால், அணியின் வெற்றி விகிதம் ஏறத்தாழக் கிடைக்கும். 700 அடித்து 700 கொடுத்தால் பாதிக்குப் பாதி, 81 வெற்றி. 710 அடித்து 700 கொடுத்தால் 82. பத்து ரன்னுக்கு ஒரு வெற்றி என்று மேலே சொன்னது இதனால்தான். 800 அடித்து 700 கொடுத்தால் ஏறத்தாழ 92. அடிப்பதால் வரும் பத்து ரன்னும், நல்ல ஃபீல்டிங்கால் மிச்சப்படும் பத்து ரன்னும் ஏறக்குறைய ஒரே மதிப்பு என்பதையும் கவனியுங்கள். ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவே), சென்டர் ஃபீல்ட் (மைதானத்தின் பின்பகுதி நடுவே), கேட்சர் (விக்கெட் கீப்பர் போல பேட்டருக்குப் பின்னால்) ஆகிய இடங்களில் பேட்டிங் சுமாரான ஆட்களை அணிகள் பொறுத்துக்கொள்வது இதனால்தான். அங்கே நிற்கக்கூடியவர்களே அரிது.

அடுத்து, ஓர் ஆளின் மதிப்பை எதோடு ஒப்பிடுவது? நம்மூரில் வழக்கமான டிரைவர் லீவு போட்டால் ஆக்டிங் டிரைவரைக் கூப்பிடுகிறோம். வண்டி ஓடாமல் நிற்பதில்லை. எனவே வழக்கமான டிரைவரின் மதிப்பு என்பது அவருக்கும் ஆக்டிங் டிரைவருக்கும் உள்ள வித்தியாசம். பேஸ்பாலில் ஆக்டிங் டிரைவர் என்பவர், மேஜர் லீக்குக்குக் கீழ்மட்டமான மைனர் லீக்கிலிருந்து குறைந்தபட்சச் சம்பளத்துக்கு எப்போது வேண்டுமானாலும் கூட்டி வரக்கூடிய ஆள். அவரைவிட ஒருவர் ஒரு சீசனில் எத்தனை வெற்றி அதிகம் தருகிறார் என்பதே வார் என்ற அளவு. முழு அணியும் ஆக்டிங் ஆட்களாகவே இருந்தால் 162-இல் ஏறத்தாழ 48 வெற்றி. 2024-இல் சிகாகோ ஒயிட் சாக்ஸ் 121 தோல்வியுடன் 41 வெற்றிதான் பெற்றது. அந்தக் கோட்டுக்கும் கீழே.

சாதாரணமான வழக்கமான ஆட்டக்காரரின் வார் ஏறத்தாழ 2. ஐந்துக்கு மேல் என்றால் நட்சத்திரம். 62 ஹோம் ரன் அடித்த 2022-இல் ஆரன் ஜட்ஜ் 10-ஐத் தாண்டினார். இப்போது வரிசை விவாதத்தோடு ஒப்பிடுங்கள். சிறந்த வரிசை அமைத்தால் ஒரு வெற்றி. ஓர் இடத்தில் வார் பூச்சியமான ஆளுக்குப் பதில் 2 உள்ள ஆளை வைத்தால் இரண்டு வெற்றி. ரசிகர்கள் கொண்டாடுவது 5 உள்ள ஆளை வாங்குவதை. ஆனால் மூன்று இடங்களில் ஓட்டையை அடைத்தால் அதைவிட ஒரு வெற்றி அதிகம், செலவும் பெரும்பாலும் குறைவு.

## 26 பேர்

ஆடத் தகுதியான பட்டியல் 26 பேர். அதில் பிட்சர்கள் 13-க்கு மேல் கூடாது. செப்டம்பரில் 28. ஆக பேட்டர்கள் 13: ஒன்பது பேர் ஆட, நாலு பேர் பெஞ்சில். இரண்டாவது கேட்சர் ஒருவர், ஷார்ட்ஸ்டாப் உட்படப் பல இடம் நிற்கத் தெரிந்தவர் ஒருவர், சென்டர் ஃபீல்டில் ஓடக்கூடியவர் ஒருவர். மிச்சம் ஒரே ஓர் இடம். பிளட்டூனுக்கு அதைத்தான் பயன்படுத்த வேண்டும். பேட் மட்டும் தெரிந்த, எங்கும் நிற்கத் தெரியாத இருவரை வைத்துக்கொண்ட அணி, ஒருவருக்குத் தசைப்பிடிப்பு வந்த அன்றே திண்டாடும்.

பிட்சிங்கில் பற்றாக்குறை இன்னும் கடுமை. சீசனுக்கு ஏறத்தாழ 1,450 இன்னிங்ஸ் எறிய வேண்டும். ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர் நாலைந்து நாள் ஓய்வு எடுத்தே மறுபடி எறிவார். ஐந்து பேர் என்றால் ஆளுக்கு 32 ஆட்டம். இன்று அவர்கள் சராசரியாக ஐந்து இன்னிங்ஸுக்குச் சற்று மேல்தான் எறிகிறார்கள். மீதி 600 இன்னிங்ஸ் மாற்றுப் பிட்சர்கள் தலையில். முழங்கைத் தசைநார் அறுந்து அறுவை சிகிச்சை செய்தால் திரும்பப் பன்னிரண்டு முதல் பதினெட்டு மாதம் ஆகும். ஐவரும் சீசன் முழுக்க நலமாக இருப்பது மிக அரிது. ஆகவே "ஐந்து பேர் தயார்" என்று சீசனைத் தொடங்கும் அணி உண்மையில் மூன்று பேர் குறைவோடு தொடங்குகிறது. ஆறாவது, ஏழாவது, எட்டாவது பிட்சர் யார் என்பதுதான் ஜூலையில் அணியின் இடத்தை நிர்ணயிக்கிறது.

## ஆட்கள் எங்கிருந்து வருகிறார்கள்?

மேஜர் லீக்கில் ஒருவர் 172 நாள் பட்டியலில் இருந்தால் ஓர் ஆண்டு சேவை. ஆறு ஆண்டு முடிந்தால்தான் விரும்பிய அணிக்குப் போகும் உரிமை. இதற்கு ஃப்ரீ ஏஜென்சி என்று பெயர். முதல் மூன்று ஆண்டு பெரும்பாலோருக்குக் குறைந்தபட்சத்தை ஒட்டிய சம்பளம்; 2025-இல் அது 7,60,000 டாலர். அடுத்த மூன்று ஆண்டு, சம்பளத்தில் உடன்பாடு வராவிட்டால் நடுவர் தீர்ப்புச் சொல்லும் முறையில் சம்பளம் ஏறும். பேட்டர்களின் உச்ச வயது பொதுவாக 26 முதல் 29. ஆக, அணியே வளர்த்தவர் உச்சத்தில் மலிவாக ஆடுகிறார். சந்தைக்கு வரும்போது பலருக்கு 30 நெருங்கிவிடும். முப்பது வயதுக்காரருக்கு ஏழாண்டு ஒப்பந்தம் கொடுக்கும் அணி, முடிந்துபோன ஆட்டத்துக்கு விலை கொடுக்கிறது. 2024 டிசம்பரில் நியூயார்க் மெட்ஸ் ஹுவான் சோட்டோவுக்கு 15 ஆண்டுக்கு 76.5 கோடி டாலர் கொடுத்ததன் அடிப்படை, அவருக்கு அப்போது 26 வயது என்பதே.

ஓக்லண்ட் ஏ'ஸ் 2002-இல் ஏறத்தாழ 4 கோடி டாலர் சம்பளச் செலவில் 103 ஆட்டம் வென்றது. 12 கோடிக்கு மேல் செலவழித்த நியூயார்க் யாங்கீஸும் அதே 103. இதைப் பலர் தவறாகச் சொல்கிறார்கள்: வாக் வாங்கும் மலிவான ஆட்களைச் சேர்த்ததால் வென்றார்கள் என்று. கேட்சராக இருந்து முதல் பேஸுக்கு மாறிய ஸ்காட் ஹேட்டபெர்க் 0.374 ஆன்பேஸுடன் உதவியது உண்மைதான். ஆனால் தூண்கள் வேறு. டிம் ஹட்சன், மார்க் மல்டர், பேரி ஸிட்டோ என்ற மூன்று பிட்சர்கள், அந்த ஆண்டின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது பெற்ற மிகெல் தெஹாடா, எரிக் சாவேஸ்: ஐவரும் அந்த அணியே தேர்ந்தெடுத்து வளர்த்தவர்கள், ஐவரும் இன்னும் சந்தைக்கு வராத மலிவான ஆண்டுகளில் இருந்தவர்கள். மலிவான ஆன்பேஸ் ஆட்கள் அந்த வீட்டின் ஓட்டைகளை அடைத்தார்கள்; வீட்டைக் கட்டியவர்கள் இவர்கள்.

புது இளம் ஆட்களை அணிகள் ஆண்டுதோறும் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும்; மிக மோசமாகத் தோற்ற அணிக்கே முதல் தேர்வு என்றிருந்தது. அதற்காக வேண்டுமென்றே தோற்று முதல் தேர்வைப் பெறுவதும் எளிய வழி அல்ல. ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் 2011, 2012, 2013-இல் 106, 107, 111 ஆட்டம் தோற்று, 2017-இல் பட்டம் வென்றது. அதிலும் எதிரணிக் கேட்சர் தன் பிட்சருக்குக் காட்டும் சைகையைக் கேமரா வைத்துத் திருடிய குற்றம் பின்னால் நிரூபணமானது. மூன்று முதல் தேர்வுகளில் கார்லோஸ் கொரேயா சிறந்தார். 2013-இல் எடுத்த மார்க் அப்பெல் ஹூஸ்டனுக்காக ஒரு மேஜர் லீக் ஆட்டமும் ஆடவில்லை. 2014-இல் எடுத்தவர் ஒப்பந்தமே செய்துகொள்ளவில்லை. அந்த அணியின் முகமான ஹோஸே அல்டூவே, தோல்வி ஆண்டுகளுக்கு வெகு முன்பே, 2007-இல் வெனிசுவேலாவில் 15,000 டாலருக்குச் சேர்க்கப்பட்டவர். 2023 முதல் முதல் ஆறு தேர்வுகளுக்குக் குலுக்கல் முறை வந்துவிட்டதால், கடைசி இடத்துக்கு முதல் தேர்வு நிச்சயமில்லை.

## அடுத்த முறை வரிசை வெளியாகும்போது

முதலில் பட்டியலில் யார் இல்லை என்று பாருங்கள். முந்தின இரவு ஆடிய கேட்சர் மறுநாள் பகல் ஆட்டத்தில் இல்லாவிட்டால் அது பெரும்பாலும் ஓய்வு, தண்டனை இல்லை. பிறகு எதிரணிப் பிட்சரின் கையைப் பாருங்கள். நேற்று இருந்த இடது கைக்காரர் இன்று பெஞ்சில் இருப்பதற்குப் பாதி நேரம் அதுவே விடை. அடுத்து முதல் இருவரின் ஆன்பேஸ் விகிதம், 0.330-க்குக் கீழே என்றால் கேள்வி கேட்க இடமுண்டு. இடது கைக்காரர்கள் மூன்று பேர் ஒட்டி நிற்கிறார்களா என்று ஒரு பார்வை. அதன்பிறகு ஏழு, எட்டு, ஒன்பதாம் இடங்களில் இருப்பவர்களின் பெயரைப் படியுங்கள். ஆகஸ்டிலும் அங்கே ஆக்டிங் ஆட்களே நிற்கிறார்கள் என்றால், கோபம் மேனேஜர்மீது போகக் கூடாது. ஜூலைக் கடைசியை ஒட்டி, அணிகள் தங்களுக்குள் ஆள் மாற்றிக்கொள்ளும் கெடு முடியும்வரை அந்த இடங்களை நிரப்பாமல் விட்ட, அணிக்கு ஆள் சேர்க்கும் பொறுப்பிலுள்ள ஜெனரல் மேனேஜரிடம் கேட்க வேண்டிய கேள்வி அது.